3200 றாம் 2666 இல் ஓடுவது பழுதல்ல
வணக்கம். ஐ5-10400 புரொசசரும் எச்410 மதர்போடும் உள்ள கணினிக்குப் பம்பலப்பிட்டியில் வாங்கிய 16 ஜிபி, 3200 வேக றாம் (நினைவகம்) 2666 இலேயே ஓடுவதால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். அவர் ஏமாற்றவில்லை. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி புரொசசருக்குள்ளேயே இருப்பதாலும், 10400 இற்கு இன்டெல் 2666 ஐயே உச்சமாக வரையறுத்திருப்பதாலும், எச்410 அவ்வெல்லையைத் தாண்ட இடமளிக்காததாலும், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பியை, அதாவது றாமை அதன் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பை, தேடுவதில் பயனில்லை. அதே போடில் ஐ7-10700 ஐப் பூட்டினாலும் 2933 தான் வரும். அதற்காகப் புரொசசரை மாற்றுவது, என் கணிப்பில், வீண் செலவு. கணினியின் விபரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 1333 என்று தெரிந்தாலும் பதற வேண்டாம். ஒரு துடிப்பில் இருமுறை தரவு செல்வதால் அதன் இருமடங்கே 2666.

நான் கவனிப்பது வேறொன்றை. 16 ஜிபியையும் ஒரே துண்டாகப் போட்டிருப்பதாக எழுதியுள்ளீர்கள். ஒரே துண்டு, புரொசசருக்கும் றாமுக்கும் இடையிலான இரு தடங்களில் (பாதைகளில்) ஒன்றையே பயன்படுத்தும்; ஒரு தடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 21 ஜிபி மட்டுமே கடத்த முடியும். இரண்டு 8 ஜிபி துண்டுகளை இரு ஸ்லொட்டிலும் பூட்டினால் அந்த எல்லை இருமடங்காகும். தனிக் கிரபிக்ஸ் கார்ட் இல்லாதவர்களுக்கு, விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். எனவே கடையில் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். 2666 துண்டுகள் மலிவாகக் கிடைத்தால் அவையே போதும்.