விஆர் ஹெட்செட் வந்தால் பையன் தனியாகிவிடுவானா? ஒற்றை ரூம் வீட்டுக்கான பதில்

கேள்வி இது: "கொருக்குப்பேட்டையில் பத்துக்குப் பத்து ரூம், ஆறு பேர் இருக்கோம். காலேஜ் படிக்கிற பையன் மெட்டா குவெஸ்ட் 3எஸ் கேக்கிறான். மாட்டிக்கிட்டுத் தனி உலகத்துக்குப் போயிடுவானா, இல்ல எல்லாரும் சேர்ந்து விளையாட முடியுமா?"

குவெஸ்ட் 3எஸ் என்பது கண்ணை மறைத்து முகத்தில் மாட்டும் விஆர் ஹெட்செட், மாட்டினவருக்குத் தெரிவது அதற்குள் இருக்கும் திரை காட்டும் உலகம். நீங்கள் கேட்ட ரெண்டும் நடக்கும். அவன் பார்ப்பது மற்றவர்களுக்கும் தெரிகிறதா, வீட்டில் தரை எவ்வளவு காலி, இந்த ரெண்டும்தான் அதை முடிவு பண்ணும்.

வியாசர்பாடி கேரம் கிளப்பில் ஆடுவது நாலு பேர், சுற்றி நிற்பது பத்து பேர். "ரெட்டை விடாத மச்சி" என்று கத்தும் அந்தப் பத்து பேரும் ஆட்டத்தில்தான் இருக்கிறார்கள், 29 அங்குலப் பலகை எல்லார் கண்ணுக்கும் தெரிவதால். ஹெட்செட்டில் அந்தப் பலகை ஒருத்தர் முகத்துக்குள் போய்விடுகிறது. மற்றவர்களுக்குத் தெரிவது ஒரு ஆள் காற்றில் கை வீசுவது மட்டும். ரெண்டு நிமிஷம் சிரிப்பார்கள், அப்புறம் சீரியலுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் முதல் வேலை, படத்தை வெளியே எடுப்பது. ஹெட்செட் மெனுவில் கேமரா, அதற்குள் காஸ்ட், அதாவது படத்தை வேறு திரைக்கு அனுப்புவது. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்றால் பெரும்பாலும் பட்டியலில் பெயர் வரும். சாதா எல்இடி டிவி என்றால் போனில் மெட்டா ஹரைசன் ஆப்பில் பார்க்கலாம். ஹெட்செட்டும் அந்த டிவியோ போனோ ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அதுவும் 5 கிகாஹெர்ட்ஸில். தெருவில் வீட்டுக்கு ஒரு ரௌட்டர் இருக்கிற இடத்தில் 2.4-ல் போட்டால் படம் திக்கித் திக்கித்தான் வரும். டிவியில் படம் கொஞ்சம் பிந்தி வருவதால் "இப்ப அடி" என்று சொல்லிக் கொடுப்பது உதவாது. இயர்போன் மாட்ட விடாதீர்கள். பட்டையிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது, அவனுக்கு உங்கள் குரலும் கேட்கும், உங்களுக்கு ஆட்டச் சத்தமும் கேட்கும்.

அடுத்தது இடம். நடந்து ஆடும் ஆட்டங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஆறரைக்கு ஆறரை அடி. பத்துக்குப் பத்தில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் போக அவ்வளவு தரை மிஞ்சாது. மிஞ்ச வைக்க வேண்டுமென்றால் மீதி ஐந்து பேர் வாசலுக்குப் போக வேண்டும். தனிமை என்று நீங்கள் பயப்படுவதில் பாதி, இந்தச் சதுர அடிக் கணக்குதான். நம்ம ஏரியா பசங்க முதலில் கேட்பது பாக்சிங். 'த்ரில் ஆஃப் தி ஃபைட்' நல்ல ஆட்டம், வேர்த்துக் கொட்டும், ஆனால் ஒரு நேர் குத்து, ஆடும் இடத்துக்கு ஹெட்செட்டில் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டி யார் மூக்கில் வேண்டுமானாலும் இறங்கும். தாழ்ந்த கூரை வீட்டில் கையைத் தூக்கினால் சீலிங் ஃபேன் இறக்கையில் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலர் படும். ஃபேனை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேன் வையுங்கள். பீரோ கண்ணாடி மேல் ஒரு போர்வை போடுங்கள். ஹெட்செட்டின் கேமராக்கள் அந்தப் பிம்பத்தைப் பார்த்துக் குழம்பி, கை இருக்கும் இடத்தைத் தப்பாகக் காட்டும்.

இந்த வீட்டுக்குச் சரியான ஆட்டம் 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்'. ஹெட்செட் போட்டவருக்கு மட்டும் வெடிகுண்டு தெரியும், அதைச் செயலிழக்க வைக்கும் வழி வெளியே இருப்பவர்கள் கையில் உள்ள கையேட்டில் இருக்கும். கையேடு இணையத்தில் இலவசம், இருபது பக்கத்துக்கு மேல் வரும், ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். இங்கிலீஷ் வாசிக்க ஒருத்தர், "நாலு வயர், கடைசி வயர் நீலம்" என்பதைக் கேட்டுப் பக்கம் தேட இன்னொருத்தர். ஸ்டூலில் உட்கார்ந்தே ஆடலாம், சுமார் ஒரு மீட்டர் வட்டம் போதும். இதற்கு மட்டும் டிவியில் காஸ்ட் போடாதீர்கள், குண்டு எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் ஆட்டமே இல்லை.

ஹெட்செட் அரை கிலோவுக்கு மேல், 514 கிராம். சார்ஜ் ரெண்டரை மணி நேரம் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. ஆளுக்குப் பத்துப் பத்து நிமிஷம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கைமாற்றும்போது கீழே வைக்காமல் உடனே கொடுங்கள், இல்லாவிட்டால் ஹெட்செட் தூங்கிப்போய் காஸ்டும் அறுந்துவிடலாம். அடுத்தவர் மாட்டியதும் லென்ஸ் இடைவெளியை மாற்ற வேண்டும். 3எஸ்-ல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலை. மாற்றாமல் ஆடினால் மங்கலாகத் தெரிந்து தலைவலி வரும். "எனக்கு இது ஒத்துக்கல" என்று அம்மா கழற்றி வைப்பது பெரும்பாலும் இதனால்தான். இன்னொரு காரணம், நின்ற இடத்தில் நின்றபடி ஜாய்ஸ்டிக்கால் நடக்கும் ஆட்டங்கள். கண் நகர்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நகரவில்லை என்கிறது, வயிறு புரட்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் நாளே அதைக் காட்டாதீர்கள், சாப்பிட்ட உடனே வேண்டவே வேண்டாம். பத்து வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மெட்டாவே அனுமதி கொடுப்பதில்லை.

தனியாக மாட்டியிருக்கும்போது தோளைத் தொட்டுக் கூப்பிடாதீர்கள், பதறித் திரும்பி அடித்துவிடுவான். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் ஹெட்செட் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினால் கேமரா வழியாக வீடு தெரியும். அந்த வசதி செட்டிங்ஸில் ஆனில் இருக்கிறதா என்று வாங்கின அன்றே பாருங்கள்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்றால் கதையே வேறு. ரெண்டு பக்கமும் ஹெட்செட் இருந்து, 'வாக்அபவுட் மினி கோல்ஃப்' மாதிரி நிதானமான ஆட்டம் ஒன்றைப் போட்டால், ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். வீடியோ காலில் "சாப்டியா", "வேலை எப்படி" கேட்டதும் பேச்சு தீர்ந்துவிடும். இங்கே பந்து குழிக்குள் போகாததைப் பற்றியே பேசலாம். சிங்கப்பூர் கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நம் இரவு எட்டு அவனுக்குப் பத்தரை. தனியாகப் படம் பார்க்க மட்டும் என்றால் வாங்க வேண்டாம். அது நிஜமாகவே ஆளைத் தனியாக்கும்.

பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ செகண்ட் ஹேண்ட் எடுத்தால், வெள்ளைத் திரையைப் போட்டு லென்ஸ் வழியாகப் பாருங்கள். புள்ளியோ கோடோ எரிந்த மாதிரி இருந்தால் வெயிலில் வைத்தது. லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். மொட்டை மாடிக்குக் கொண்டு போகக் கூடாது என்பதும் இதனால்தான். பழைய ஆள் தன் கணக்கிலிருந்து அதை நீக்கி, ரீசெட் பண்ணிக் கொடுக்கட்டும்.

ஆறு பேர் மாற்றி மாற்றி மாட்டினால் வேர்வை ஊறும். ஃபோம் மேல் சிலிக்கான் கவர் போட்டு ஒவ்வொருத்தருக்குப் பிறகும் துடையுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் பட்டால் பூச்சு போய்விடும். வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்தால் ஹெட்செட் பீரோவுக்குள் போகட்டும். பெரும்பாலும் அது அடினோ வைரஸ், காய்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடு இருக்கும். எல்லாருக்கும் கண் சிவப்பு முழுதாகப் போகிற வரை வெளியே எடுக்காதீர்கள், பையன் எவ்வளவு கெஞ்சினாலும்.