வீடே இல்லாத ஊரில் விளையாட்டுத் திடல் எதற்கு?

போர் முடிந்த ஊருக்கு இங்கிருந்து பழைய ஊஞ்சல், சறுக்குகளைக் கப்பலில் அனுப்பலாமா, வீடில்லாதவர்களுக்கு அது அவசரமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரம்தான். குண்டுச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பயத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காது. விளையாட்டில்தான் அது வெளியே வரும். ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவும் விளையாட்டை உரிமை என்றே சொல்கிறது.

முதலில் நிலத்தைச் சோதிக்க வேண்டும். வன்னியில் போர் 2009இல் முடிந்தும் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நீண்டது. நிலம் பாதுகாப்பானது என்று உறுதியாகும் முன் பிள்ளைகளை அங்கே இறக்கவே கூடாது.

அப்புறம், விலை உயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் காலி மனைகளில் மணல்தொட்டி, ஏறும் கம்பி என்று எளிமையாகவே நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்தார். கோபன்ஹேகனின் எம்ட்ரப்பில் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவிலேயே, பலகையும் பழைய சாமான்களும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. எல்லாம் இடிவதைப் பார்த்த பிள்ளை, தன் கையால் ஒன்றைக் கட்டிப் பார்க்கிறது. சிங்கப்பூரின் தோ பாயோ டிராகன் திடலின் மணலில் புரண்டு வளர்ந்தவர்களுக்கு மணல் மட்டுமே எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று தெரியும்.

அதனால் ஊஞ்சலை அனுப்பாதீர்கள், பணமாக அனுப்புங்கள். உள்ளூர்த் தச்சருக்கு வேலை கிடைக்கும். உடைந்தால் அவரே சரிசெய்வார். பிள்ளைகளோடு தினமும் இருக்க அந்த ஊர் அக்கா ஒருவருக்குச் சம்பளமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.