தேனீக்கள் நாடும் பூஞ்செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். பல்கனியில் ஆறு பூச்சாடிகள் வைக்கலாம். அவ்வளவு உயரத்துக்குத் தேனீ வருமா? எதை நடுவது?

பதில்: மூன்றாம் மாடி தேனீக்கு ஓர் உயரமே அன்று, மலைத்தேனீ உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளிலும் கூடு கட்டுவதுண்டு. உங்கள் இடத்தில் கவனிக்க வேண்டியவை உப்புக் காற்றும் வெயிலுமே. பத்துமணிப்பூ இரண்டையும் தாங்கும். ஒற்றையிதழ் வகையை வைத்தால், வெயிலேறி அது விரியும் வேளையில் சிறு தேனீக்கள் மகரந்தம் சேர்க்க வருவதைக் காணலாம். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் மூடியிருக்கும் நாட்களில் அது சரியாக விரியாதாகையால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

காற்று நேரே படாத சுவரோரத்தில் மூன்று சாடிகளில் துளசி வையுங்கள். இலைக்காகத் துளசி வளர்ப்பவர்கள் கதிர் தோன்றியவுடன் கிள்ளிவிடுவது வழக்கம். தேனீ தேடி வருவதோ அந்தக் கதிரைத்தான். மூன்றையும் ஒரே நாளில் கிள்ளாமல், சில வார இடைவெளியில் முறைவைத்துக் கிள்ளினால், ஏதாவதொன்று பூத்திருக்கும். ஆறு சாடிகளில் ஆறு வகை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்ததுதான். எனினும் தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்வதால், இரண்டு வகையை மும்மூன்றாக வைப்பதே அதற்குக் கூடுதல் பயன் தரும்.

கேள்வி: தெஹிவளையில் எங்கள் முற்றம் நிறையச் சிவப்புச் செவ்வரத்தையும் பட்டிப்பூவும் நிற்கின்றன. தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வருகின்றன. தேனீயை மட்டும் காண்பது அரிது. ஏன்?

பதில்: உங்கள் முற்றத்தை நீங்கள் அவற்றுக்காகவே அமைத்துவிட்டீர்கள். தேனீயின் கண் செந்நிறத்தை உணராது, ஆனால் நமக்குத் தெரியாத புறஊதா ஒளியைக் காணும். தேனீக்கு நிறம் தெரியும் என்பதை நிறத் தாள்களைக் கொண்டு சோதித்துக் காட்டியவர் கார்ல் வொன் பிரிஷ். அவர் பின்னாளில், 1973இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பட்டிப்பூவின் தேனோ ஒடுங்கிய குழலின் அடியில் இருப்பதால், வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சிக்கு எட்டுமே தவிரத் தேனீயின் குறுகிய நாக்குக்கு எட்டாது.

கொஸ்மஸ், சூரியகாந்தி ஆகியவற்றை வெயில்படும் பக்கம் சேருங்கள். அடுக்கிதழ் வகைகள் கடையில் கண்ணைப் பறித்தாலும், அவற்றில் மகரந்தம் தரும் பகுதிகள் பெரும்பாலும் இதழ்களாகத் திரிந்திருப்பதால் தேனீக்குக் கிடைப்பது சொற்பம். இடமிருந்தால் முருங்கை, தேசி, கறிவேப்பிலை மூன்றும் எந்த அலங்காரச் செடியையும் விஞ்சும் என்பது என் கருத்து. வளவில் தென்னை நின்றால் ஆண்டு முழுவதும் பாளை வெடித்துக்கொண்டிருக்கும். நிலத்தில் மஞ்சளாகப் பூத்துப் படரும் வெடேலியாவைத் தேனீ விரும்பும்தான். ஆனால் அது கட்டுக்கடங்காமல் பரவும் ஆக்கிரமிப்புத் தாவரம் என்பதால் நடவேண்டாம்.

கேள்வி: தேனீக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு நுளம்பு பெருகாதா?

பதில்: கவனிக்காமல் விட்டால் பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தண்டமும் கட்ட நேரிடும். ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்கள் மூழ்காத அளவுக்கு நீர் ஊற்றி, நாள்தோறும் மாற்றுங்கள். நுளம்பு முட்டைகள் விளிம்பில் ஒட்டி, காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருப்பதால், தட்டைத் தேய்த்துக் கழுவாமல் நீரை மட்டும் கொட்டுவதில் பயனில்லை.

கேள்வி: கத்தரி பூக்கிறது, காய்கள் குறைவு. பூச்சிக்குக் காலையில் மருந்து அடிக்கிறோம். தேனீ இல்லாததுதான் காரணமா?

பதில்: கத்தரி ஓரளவு தானாகவே காய்க்கும், ஆயினும் அதன் மகரந்தப்பை நுனித்துளை வழியாக மட்டுமே மகரந்தத்தை விடுவதால், பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும் நீலப்பட்டைத் தேனீயும் கரிய தச்சுத் தேனீயும் வந்தால் காய்ப்பு கூடும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த அதிர்வு கைவராது. நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளையிட்டு வாழ்வது. முற்றம் முழுவதும் கல் பதித்துவிட்டால் அதற்கு இடமேது? வெயில்படும் ஓரத்தில் சிறிது வெறுமண்ணை விட்டுவையுங்கள்.

மருந்து பற்றி: பூவிருக்கும் செடிக்குக் காலையில் அடிப்பது, தேனீ வரும் நேரத்தில் நஞ்சு வைப்பதற்கு ஒப்பாகும். வேப்பெண்ணெய்க் கரைசலையும் அந்தி சாய்ந்த பின்னரே தெளியுங்கள். இமிடாகுளோப்ரிட் கலந்தவற்றை அறவே தவிர்க்கவும். அது செடிக்குள் ஊறித் தேனிலும் மகரந்தத்திலும் சேர்வது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் திறந்தவெளிப் பயன்பாட்டை 2018இல் தடைசெய்தது.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டுச் சுவர்ப் பிளவில், மெழுகுக் குழாய் போன்ற வாசல் வழியாக ஈயளவுக் கரும் பூச்சிகள் வந்துபோகின்றன. பிள்ளைகளைக் கொட்டுமா?

பதில்: நீங்கள் விவரிப்பது கொடுக்கற்ற சிறு தேனீயாகும். கொட்ட இயலாது, கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே. அவை சில நூறு மீற்றருக்குள்ளேயே உணவு தேடுவதால், உங்கள் வாசலில் வைக்கும் துளசி அவற்றுக்கு நேரடியாகப் பயன்படும். பிளவைச் சீமெந்தால் அடைத்துவிடாதீர்கள்.