முப்பத்தாறு மணி நேர டூட்டி: கேள்வி பதில்

சேலத்தில் பொது மருத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மருத்துவர், இளம் மருத்துவர்களின் வேலை நேரம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் பொண்ணு பி.ஜி. படிக்கிறா. திங்கக்கிழமை காலைல போனா செவ்வாய் சாயங்காலம்தான் வர்றா. இதுக்குச் சட்டமே இல்லீங்களா மேடம்? (அஸ்தம்பட்டி)

விதி இருக்குங்க. தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே எழுதிவிட்டது. ஆனால் அவர் இருக்கும் யூனிட்டுக்கு, அதாவது டாக்டர் குழுவுக்கு, அட்மிஷன் நாள் என்றால் காலை 8 மணியிலிருந்து மறுநாள் காலை வரை வருகிற கேஸ் எல்லாம் அவர்கள் தலையில். அதோடு விடமாட்டார்கள். ரவுண்ட்ஸ், ஓ.பி., டிஸ்சார்ஜ் என்று மாலை ஆகிவிடும். 2023-ல் வந்த முதுநிலை விதிமுறையோ ‘நியாயமான வேலை நேரம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. எண்ணே இல்லாத விதியை யார் மீறினார்கள் என்று எப்படிக் காட்டுவது? 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி நேரம் என்றது. அதுவும் பரிந்துரைதான்.

“எங்க காலத்துல தூங்கவே மாட்டோம், பழகிடும்”னு சீஃப் சொல்றார். பழகுமா மேடம்? (ஹவுஸ் சர்ஜன், எடப்பாடி)

பழகாது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போலக் குறைகிறது என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. நம் ஊரில் வண்டி ஓட்ட வரம்பு 0.03.

பாம்புக்கடி கேஸ் ஒன்று விடியற்காலை 4 மணிக்கு வருகிறது. உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. அந்த இருபது நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தால் கண் செருகிவிடும். திடுக்கிட்டு எழுந்து பார்த்தால் ரத்தம் உறைந்திருக்கும், மணி 4.50. உறைந்தது எத்தனையாவது நிமிஷத்தில்? “பரவாயில்லை, நார்மல்” என்று எழுதிவிட்டால் போச்சு. இதில் டூட்டியில் இருந்த பையனின் படிப்பைக் குறை சொல்ல முடியுமா?

நேரத்தைக் குறைச்சா கை பழகாதே? (சர்ஜரி பி.ஜி., ஓமலூர்)

நியாயமான பயம். அமெரிக்காவில் வாரம் 80 மணி நேர வரம்புக்குள்ளேயே, ஷிஃப்டை மட்டும் நீட்டியும் குறைத்தும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மணிக்கணக்கு மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் முப்பத்தாறில் கத்தி பிடித்தது எவ்வளவு நேரம்? லேபுக்கு சாம்பிள் தூக்கிக்கொண்டு ஓடியது, ரத்த வங்கியில் நின்றது, ட்ராலி தள்ளியது எவ்வளவு? முதலில் அதைக் குறைக்கட்டும். அதற்கு ஆள் போட வேண்டும், ஆள் போடப் பணம் வேண்டும். விஷயம் அங்கேதான் நிற்கிறது.

வெளிநாட்டில்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிற்சி டாக்டர்களுக்கு 2009 முதல் வாரம் சராசரி 48 மணி. பணியிடத்திலேயே தங்கிப் பார்க்கும் ‘ஆன்-கால்’ டூட்டி முழுவதும் வேலை நேரம்தான் என்று 2000-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மிடம் முதலில் வரவேண்டியது இதுதான் என்பேன்.

டாக்டரம்மா, ஏற்காட்டுல இருந்து ராத்திரியில கீழ கொண்டாறோம். காலையில டாக்டரு மாறிட்டா எங்க கேஸு யாருக்குத் தெரியும்? (எஸ்டேட் தொழிலாளி)

வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதாங்க. ஷிஃப்ட் குறைந்தால் கைமாற்றம் கூடும், அதில் தகவல் சிந்தும். மாற்றிவிடும் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: யார் சீரியஸ், எந்த ரிசல்ட் பாக்கி, மோசமானால் என்ன செய்வது. அமெரிக்கா, கனடாவில் 9 மருத்துவமனைகளில் கைமாற்றத்தை முறைப்படுத்தியதும் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-ல் வெளிவந்தது. நீங்களும் காலையில், “ராத்திரி எடுத்த ரத்தம் என்னாச்சுங்க?” என்று தயங்காமல் கேளுங்கள்.

நைட் முடிச்ச கையோட பசங்க பைக்ல ஏற்காடு போறோம். தப்பா மேடம்?

இருபது கொண்டை ஊசி வளைவு தம்பி! தூங்கி எழுந்து போங்க. அப்படியே போயாகணும்னா பஸ்ல போங்க.