மகளுக்கு ஓபோ: கடன் வாங்கி 9,000 பவுண்டு போடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது, அரசுப் பள்ளி. அங்கேயே ஓபோ என்ற மேற்கத்திய மரக்குழல் வாத்தியம் கற்று கிரேடு 6 தேர்வு முடித்துவிட்டாள். பள்ளி இரவல் கொடுத்த யமஹாவைத் திருப்பிக் கேட்கிறார்கள். கடையில் ஹோவர்த் பிராண்டு ஓபோ 4,800 பவுண்டு, லொரே பிராண்டு 9,000 என்கிறார்கள். கையில் 5,000 இருக்கிறது. "நல்ல பிராண்டு நகை மாதிரி, விலை ஏறும், கடன் வாங்கியாவது லொரே எடு" என்கிறார் அண்ணன். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அண்ணன் பழைய வயலினை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஓபோ அந்த ஜாதி இல்லை. மூச்சின் ஈரத்தில் நனைந்து காய்ந்து உள்துளை மெல்ல மாறும், விரலால் அழுத்தும் சாவிகள் தேயும். முழுநேரக் கலைஞர்கள் சில வருடங்களுக்கொரு முறை புதிதுக்கு மாறுவது அதனால்தான். வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கும் பொருளுக்கு வட்டியும் கட்டுவானேன்?

லொரே 1881-இலிருந்து பாரிஸில் செய்கிறார்கள், அருமையான வாத்தியம்தான். இசையே தொழில் என்று மகள் முடிவெடுத்தால் அப்போது பார்க்கலாம்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். அவள் வாசிக்கும்போது இடது கட்டைவிரலைக் கவனியுங்கள். 'ஸி' ஸ்வரத்துக்கு ஒரு சின்னத் தட்டிலிருந்து விரலை எடுக்கிறாளா? அதுதான் தம்ப்பிளேட், பிரிட்டிஷ் பழக்கம். பிரான்ஸிலிருந்து மலிவாக வரும் பழைய வாத்தியங்களில் பெரும்பாலும் அது இருக்காது. போதாததற்கு 20% இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) வேறு. ஹோவர்த் இங்கிலாந்துத் தயாரிப்பு. ரிப்பேர் பக்கத்திலேயே நடக்கும், பின்னால் இன்னொரு மாணவருக்கு விற்பதும் சுலபம். தம்ப்பிளேட், இடது கை எஃப் சாவி இரண்டும் அந்த மாடலில் உண்டா என்று ஆசிரியரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கடைக்காரர் தாமாகச் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று: அரசுப் பள்ளியில் வாத்தியம் கற்கும் பிள்ளைகளுக்கு வாட் இல்லாமல் வாங்கித் தரும் திட்டம் இருக்கிறது. 4,800-இல் வாட் மட்டும் 800 பவுண்டு. ஆர்டர் பள்ளி அல்லது கவுன்சில் வழியாகப் போக வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு கடையில் பணம் கட்டிவிட்டால் அது கிடைக்காது. பள்ளி சம்மதித்தால் புது ஹோவர்த்தே என் தேர்வு. இல்லையென்றால் நாலைந்து வருடப் பழையது பாருங்கள். விலையின் முதல் சரிவை முந்தைய சொந்தக்காரர் தாங்கியிருப்பார். ஒரு வாரம் வீட்டில் வைத்து வாசித்துப் பார்க்கக் கேளுங்கள், பல கடைகள் கொடுக்கும்.

மிச்சமாகும் பணத்துக்குச் செலவு காத்திருக்கிறது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்கு ரீட். அது மாதாமாதம் தீரும். மரம் விரிசல் விட்டால் காப்பீடு தருமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், பல பாலிசிகள் தருவதில்லை. புது மரத்தை முதல் சில வாரம் தினம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஊத வேண்டும். குளிர்காலத்தில் ரேடியேட்டர் பக்கம் வைக்கக் கூடாது என்று அண்ணனிடமும் சொல்லிவையுங்கள்.