குவார்ட்ஸைட் பாலைவனத்தில் ஆறு மாத ஆர்.வி. வாழ்க்கை: முதலில் தீர்ந்துபோவது எது?

கேள்வி: நானும் என் மனைவியும் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். ஓய்வு பெற்றாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீடாக 28 அடி டிரெய்லரில் முழுநேரமும் வாழப்போகிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அரிஸோனாவின் குவார்ட்ஸைட்டில், மின் இணைப்போ குழாய் இணைப்போ இல்லாத பாலைவனத்தில் தங்க ஆசை. நல்ல தண்ணீர் டேங்க் 50 கேலன், குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் 40, டாய்லெட் கழிவு சேரும் பிளாக் டேங்க் 35. கூரையில் 800 வாட் சோலார் போடச் சொல்கிறார் டீலர். அது போதுமா? ஒரே இடத்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம்? கோடைக்கு என்ன செய்வது?

பதில்: சோலாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் உங்களை முதலில் இடத்தைவிட்டுக் கிளப்பப்போவது தண்ணீர்தான். உள்ளே வரும் தண்ணீரைப் போலவே வெளியே போகும் தண்ணீரும் கணக்கில் சேரும். அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

உங்கள் டேங்குகள் லிட்டரில் முறையே சுமார் 190, 150, 130. சிக்கனமாக வாழும் இருவருக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவைப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர், பாத்திரம் கழுவ 5, கைகழுவ, பல் துலக்க 4, டாய்லெட்டுக்கு 5. குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆளுக்கு 7 லிட்டர் என்றால் சராசரியாக நாளுக்கு 7. மொத்தம் 31 லிட்டர். 190 லிட்டர் ஆறு நாளில் தீர்ந்துவிடும். பாத்திரம், கை, குளியல் தண்ணீரோடு சமையலில் கழுவிக் கொட்டும் 2 லிட்டரையும் சேர்த்தால் கிரே டேங்குக்கு நாளுக்கு 18 லிட்டர் போகும், அது எட்டு நாளில் நிரம்பும். பிளாக் டேங்க் 13 நாள் தாங்கும்.

இதை நீட்டிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஷவரில் சூடு வரும்வரை வீணாக ஓடும் தண்ணீரையும் கைகழுவிய தண்ணீரையும் சிறு பேசினில் பிடித்து டாய்லெட்டில் ஊற்றுங்கள். நல்ல தண்ணீரிலும் நாளுக்கு 5 லிட்டர் மிச்சம், கிரே டேங்கிலும் 5 லிட்டர் மிச்சம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், டாய்லெட்டின் ரப்பர் சீல் பாழாகும். கூடவே, டிரெய்லரை இழுக்கும் பிக்கப்பின் பின்தட்டில் விரிக்கும் 45 கேலன் நீர்ப்பை ஒன்றும், அதிலிருந்து டேங்குக்கு ஏற்ற 12 வோல்ட் பம்ப் ஒன்றும் வாங்குங்கள். இப்போது நல்ல தண்ணீர் 13 நாள், கிரே 11 நாள், பிளாக் 13 நாள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டன. பதினொரு நாளுக்கு ஒருமுறை நகர்ந்தால் போதும். குடிக்கும் தண்ணீரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். காற்று அவ்வளவு வறண்டிருக்கும். வியர்ப்பதே தெரியாது, உடம்பில் நீர் குறைந்துகொண்டே போகும்.

நம் சமையலுக்கென்று சில விஷயங்கள். சாம்பார், புளிக்குழம்பு ஒட்டிய தட்டைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெயும் பருப்பும் கிரே டேங்கில் போய்ப் படிந்தால் நாலாம் நாளே நாறும். அளவுகாட்டியும் தப்பாகக் காட்டும். பிரஷர் குக்கரில் அடுக்கு வைத்துச் சாதமும் பருப்பும் ஒன்றாக வேகவைத்தால் கேஸும் தண்ணீரும் மிச்சம். இரவில் 5 டிகிரி வரை குளிரும் என்பதால் மாவு புளிக்காது. மூடிய மைக்ரோவேவுக்குள் ஒரு பாட்டில் வெந்நீருடன் மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

பிளாக் டேங்கைக் காலி செய்ததும் 3, 4 கேலன் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஊற்றாவிட்டால் கழிவு குழாய்க்கு நேர் கீழே குவிந்து இறுகிவிடும். அதை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாடு. வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும்.

இடம் என்று பார்த்தால், முதல் பருவத்துக்கு நான் சொல்வது லா போஸா. பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நிலத்துறை நடத்தும் நீண்டகாலத் தங்குமிடம். பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. முழுப் பருவத்துக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று நெடுங்காலம் இருந்தது. கிளம்புமுன் இப்போதைய கட்டணத்தைச் சரிபாருங்கள். தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் அங்கேயே வசதி உண்டு. கிரே தண்ணீரை மண்ணில் விடக்கூடாது. "வெறும் சோப்புத் தண்ணீர்தானே" என்று சிலர் திறந்துவிடுகிறார்கள். மழை அரிதான மண்ணில் அந்தக் கறையும் நாற்றமும் மாதக்கணக்கில் கிடக்கும். ஊரைச் சுற்றியுள்ள மற்ற பி.எல்.எம். நிலங்களில் இலவசமாகவே தங்கலாம், ஆனால் 28 நாளில் 14 நாள்தான். அதன்பின் 25 மைல் தள்ளிப் போக வேண்டும். அரிஸோனா மாநில அறக்கட்டளை நிலம் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் தனி அனுமதிச் சீட்டு வேண்டும்.

இனி சோலார். உங்கள் ஒருநாள் செலவு தோராயமாக இப்படி வரும்: 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 700 வாட்-மணி, ஹீட்டரின் விசிறி 350, இணைய டிஷ் ஆறு மணி நேரத்துக்கு 360, விளக்கு, போன், லேப்டாப் 300, பம்ப் 50, மிக்ஸி பத்து நிமிடத்துக்கு 100. ஆக மொத்தம் 1,860. டிசம்பரில் குவார்ட்ஸைட்டில் உச்சிவெயிலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரம்தான் ஏறும். கூரையில் தட்டையாகக் கிடக்கும் பேனலுக்கு முழு வெயில் கணக்கில் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதையே தெற்கு பார்த்து 50 டிகிரிக்கு மேல் சாய்த்து நிறுத்தினால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். டீலர் சொல்லும் 800 வாட்டும் கூரையில் படுத்தால், இழப்பு போகச் சுமார் 2,000 வாட்-மணி வரும்; மேகம் ஒரு நாள் மூடினாலே பற்றாக்குறை. 400 வாட் கூரையில், 400 வாட் மடக்குப் பேனலாகத் தரையில் சாய்த்து என்று பிரித்தால் அதே 800 வாட் 2,700 வரை தரும். கூரையிலேறிப் பேனலைச் சாய்க்கும் தாங்கிகளும் உண்டு. ஆனால் ஓய்வு பெற்ற வயதில் தினமும் ஏணி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தரைப் பேனலைக் காற்றுக்குப் பறக்காதபடி மணல்மூட்டையோடு கட்டிப்போடுங்கள்.

பேட்டரி 200 ஆம்பியர்-மணி லித்தியம் போதும். 2,560 வாட்-மணி கைவசம் இருக்கும். அதை டிரெய்லருக்குள்ளேயே வையுங்கள், ஏனென்றால் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். குவார்ட்ஸைட்டில் அந்தக் குளிர் அரிது, மலைமேல் சாதாரணம். இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 600 வாட் மிக்ஸியே 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டி இருக்கட்டும்.

கேஸ் செலவுதான் புதியவர்களைத் திடுக்கிட வைக்கும். 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) ஹீட்டர் நாளுக்கு நாலு மணி நேரம் ஓடினால் இரண்டரை கிலோ புரோப்பேன் போகும். 9 கிலோ சிலிண்டர் நாலு நாள்கூட வராது. இரவில் தெர்மோஸ்டாட்டை 13 டிகிரியில் வைத்து நல்ல ரஜாயில் தூங்குங்கள். பெரிய ஜன்னல் உள்ள பக்கம் தெற்கு பார்க்க டிரெய்லரை நிறுத்தினால் பகல் வெயிலே உள்ளே சூடேற்றிவிடும். உள்ளே வைக்கும் சிறு கேஸ் ஹீட்டரைப் பயன்படுத்தினால் ஜன்னலையும் கூரைத் துவாரத்தையும் சற்றுத் திறந்தே வையுங்கள். போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. உங்கள் டிரெய்லர் பழையதென்றால் அலாரத்தின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

நிறுத்துமிடம் தேர்ந்தெடுக்கும்போது வாஷ் எனப்படும் வறண்ட ஓடைப்படுகையில் இறங்காதீர்கள். சமமாக, மணல் மெத்தென்று, மரநிழலோடு அழைக்கும். மழை பல மைல் தள்ளிப் பெய்தாலும் வெள்ளம் அங்கேதான் வரும். ஏற்கெனவே வண்டிகள் நின்ற கெட்டியான சரளைமேட்டில் நிறுத்துங்கள். புதுத் தடம் போட்டால் பாலைமண்ணின் மேலோடு உடைந்து பல பத்தாண்டுகள் ஆறாது. வெளியே போகும்போதெல்லாம் ஆனிங்கை, அதாவது டிரெய்லரின் பக்கவாட்டில் விரிக்கும் நிழல்துணியை, சுருட்டிவிடுங்கள். ஒரே ஒரு பலத்த காற்று போதும், அதைத் தாங்கும் கம்பி முறிந்துவிடும். நெடுஞ்சாலையில் புழுதிப்புயல் மறித்தால் சாலையைவிட்டு நன்றாக ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி உங்கள் மேலேயே ஏறுவார்.

பேக்ராட் என்னும் எலி இங்கே பெரிய தொல்லை. பிக்கப்பின் என்ஜினுக்குள் கள்ளி முள்ளைக் கொண்டுவந்து கூடு கட்டி வயரைக் கடித்துவிடும். இரவில் பானெட்டைத் திறந்தே வையுங்கள், வண்டிக்கடியில் சிறு எல்.இ.டி. விளக்கு எரியட்டும். டிரெய்லரின் அடியில் குழாய் நுழையும் ஓட்டைகளைச் செப்புக் கம்பிவலையால் அடையுங்கள்.

கோடைக்கு விடை உயரம். 13,500 பி.டி.யு. ஏ.சி. சுமார் 1,400 வாட் இழுக்கும். மூன்று மணி நேரம் ஓடினாலே உங்கள் பேட்டரி ஒன்றரை மடங்கு வேண்டும். 45 டிகிரி வெயிலில் அது நாளெல்லாம் ஓட வேண்டியிருக்கும். ஆகவே ஏப்ரல் நடுவில் கிளம்பி மேலே ஏறுங்கள். குவார்ட்ஸைட் 270 மீட்டர் உயரம். மே மாதத்துக்கு 1,000 மீட்டர் அளவிலுள்ள காட்டன்வுட், பிறகு 1,600 மீட்டரிலுள்ள பிரெஸ்காட், ஜூன் முதல் 2,100 மீட்டரிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துக் கோகோனினோ தேசியக் காடு. மேலே போனால் பத்து டிகிரிக்கு மேல் குறையும். ஏறும் வழியில் ஐ-17 சாலையின் நீண்ட ஏற்றங்களில் பிக்கப்பின் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், என்ஜின் சூடேறாமல் இருக்கும். ஜூனில் காட்டுத்தீ அபாயத்தால் அடுப்புத்தீக்குத் தடை வரும், சில காடுகளை மூடியும் விடுவார்கள். மாற்று இடம் ஒன்றைக் குறித்துவையுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம், மதியத்துக்கு மேல் இடிமின்னல். கிளம்புமுன் டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. இந்த வெயிலில் பட்டன் தேயாமலே டயர் வெடிக்கும். ஆறு வருடம் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

இத்தனை கணக்கும் எதற்காகவோ அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். குவார்ட்ஸைட்டிலிருந்து தெற்கே 95ஆம் நெடுஞ்சாலையில் போனால் கோஃபா வனவிலங்குக் காப்பகம், 1939இல் அமைந்தது. அங்கே பாம் கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் பாறை இடுக்கில் பனைமரங்கள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. அரை மைல் ஏற்றம்தான். உச்சிப்பொழுதில் போங்கள், வெயில் அந்த இடுக்குக்குள் இறங்குவது கொஞ்ச நேரமே. பெருங்கொம்பு ஆடுகளைப் பார்க்க வேண்டுமானால் காலையில் பைனாகுலரோடு பாறைச்சரிவை நிதானமாக அலசுங்கள். சோய்யா (cholla) என்னும் கள்ளி காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்காதீர்கள், கையிலும் ஏறிக்கொள்ளும். அகலப்பல் சீப்பை அடியில் கொடுத்துச் சுண்டிவிடுங்கள். பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கட்டும். பிப்ரவரி, மார்ச்சில் குளிர்கால மழை கைகொடுத்த ஆண்டுகளில் சரளைக்கிடையில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கும். மழை தொட்டதும் கிரியோசோட் புதரிலிருந்து கிளம்பும் வாசத்துக்காகவே ஒரு பருவம் காத்திருக்கலாம்.

காட்டு விலங்குகள் குடிக்கும் நீர்நிலை எதையாவது கண்டால் கால் மைலுக்குள், அதாவது 400 மீட்டருக்குள், முகாம் போடாதீர்கள். அரிஸோனா சட்டமே அதைத் தடுக்கிறது. மனித வாடை இருக்கும்வரை ஆடுகளும் காடைகளும் கிட்டே வராமல் தாகத்தோடு தள்ளியே நிற்கும்.