குடல் சவ்வில் வெள்ளை நூலும் கட்டியும்: கிடாய்க்கு நோயா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஆடு வளர்க்கிறேன். முனீஸ்வரர் பூசைக்கு ஒரு கிடாயை அறுத்தோம். நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே வந்த கிடாய் அது. குடல் சவ்வில் வெள்ளை நூல் நூலாக ஓடியது. நடுவே சரமாகக் கட்டிகள், கணையத்தை ஒட்டியும் சில. பயந்து குடலைப் புதைத்துவிட்டோம். மற்ற ஆடுகளுக்கும் ஆபத்தா?

பதில்: அண்ணே, வெள்ளை நூலை விட்டுவிடுங்கள். அது நிணநீர்க் குழாய், அதாவது உடல் திசுக்களில் ஊறும் நீரை இரத்தத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். சிறுகுடல் உறிஞ்சும் மற்ற சத்துகள் பெரும்பாலும் இரத்தத்தோடு ஈரலுக்குப் போகும். கொழுப்பு மட்டும் இந்தக் குழாயில் இறங்கும், அதனால்தான் வெள்ளை. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு தின்ற ஆட்டில் நன்றாகவே தெரியும், அதில் எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பட்டினி கிடந்த ஆட்டில் கண்ணுக்கே படாது. (அந்தப் புண்ணாக்கைச் செம்மறிக்கு மட்டும் அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து ஆட்டையே கொன்றுவிடும்.)

கட்டிகளும் எல்லா ஆட்டிலும் இருப்பவைதான், நிணநீர்க் கணுக்கள். சிறுகுடலின் நிணநீர் அந்தச் சரத்தில் வடிகட்டப்படுகிறது. கணையத்தின் நிணநீர் அதை ஒட்டிய கணுக்களுக்குப் போகிறது. பிறகு இரண்டும் முதுகெலும்புக்குக் கீழுள்ள ஒரு பையில் சேர்ந்து, நெஞ்சு வழியாக ஏறி, இதயத்துக்கு அருகில் இரத்தத்தில் கலக்கின்றன. ஒவ்வோர் உறுப்பின் நிணநீரும் முதலில் தன் கணுவுக்கே வருவதால், எந்த இடத்துக் கணு வீங்கியிருக்கிறது என்பதை வைத்தே எந்த உறுப்பில் கோளாறு என்று ஊகிக்கலாம்.

புதைக்கும் முன் ஒரு கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கலாம். வெட்டிய முகம் ஈரமாக, ஒரே சீராக இருந்தால் சரி. குடல் சரம் வெளுத்துப் பெருத்து, சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து மடிந்திருந்தால் எனக்கு முதல் சந்தேகம் ஜோனிஸ் நோய்தான், குடலைத் தாக்கும் கிருமி நோய் அது. மாட்டைப் போல ஆட்டுக்குப் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது, மெலிவு மட்டுமே. உங்கள் கிடாய் அப்படித்தான் இருந்திருக்கிறது. சாணத்திலும் பாலிலும் குட்டிகளுக்குத் தொற்றும், மருந்து கிடையாது. உள்ளே வெங்காயம் போல அடுக்கடுக்காகக் கெட்டிச் சீழ் இருந்தால் அது சீழ்க்கட்டி நோய். கணையத்தையும் கீறிப் பாருங்கள்: அதன் குழாய்க்குள் சிவப்பாகத் தட்டைப்புழு இருந்தாலும் ஆடு மெலியும். நத்தையில் வளர்ந்து வெட்டுக்கிளிக்குப் போகும் புழு அது. புல்லோடு வெட்டுக்கிளியையும் ஆடு தின்றுவிடும்.

சீழைக் கண்டால் மேற்கொண்டு கத்தி வைக்காதீர்கள். நம் மலேசிய மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி உண்டு. அதுவும் ஆட்டில் இப்படிச் சீழ் வைக்கும், மனிதருக்கும் வரும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அது ரொம்ப ஆபத்து, அவர்களைக் குடல் கழுவ விடாதீர்கள். அந்தக் கறியையும் யாருக்கும் பங்கு போட வேண்டாம்.

அதற்காக மந்தையை விற்றுவிடாதீர்கள். தின்றும் மெலியும் ஆட்டை மட்டும் தனியாகக் கட்டி, வெட்டர்னரி ஆபீஸில் சொல்லிச் சாணமும் இரத்தமும் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவு தெரியும் வரை அதன் பாலைக் குட்டிக்கு விடாதீர்கள்.